உடைந்த பொருளின் கணக்கு வேறு, வளர்ப்பின் கணக்கு வேறு

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

எந்த ஊர்ச் சங்கமாக இருந்தாலும் உங்கள் புகார் நோட்டில் இந்த வரி கட்டாயம் இருக்கும்: ‘இன்னார் வீட்டுப் பிள்ளை என் பொருளை உடைத்துவிட்டான்.’ ஜன்னல் கண்ணாடியாக இருக்கலாம், காரின் பக்கக் கண்ணாடியாக இருக்கலாம், மாடிப்படி ஓரம் வைத்த பூந்தொட்டியாக இருக்கலாம். பொருள்தான் மாறும், அப்புறம் நடப்பது மாறாது. பொருளை இழந்தவர் போய்க் கதவைத் தட்டுவார். “சின்னப் பையன்தானே, தெரியாமல் பண்ணிட்டான்” என்று பதில் வரும். “பிள்ளையை வளர்க்கிற லட்சணம் இதுதானா?” என்று இவர் ஒரு வார்த்தை விடுவார். அந்த நிமிடத்தோடு கண்ணாடிப் பேச்சு முடிந்துபோகும். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடப்பது மானப் பிரச்சினை.

விவகாரம் உங்கள் மேஜைக்கு வந்து சேரும்போது இரண்டு தரப்பும் லிஃப்டில்கூட முகம் பார்ப்பதில்லை. நீங்களும் யாரையும் பகைத்துக்கொள்ளாமல், ‘வளாகத்துக்குள் பந்து விளையாடத் தடை’ என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுக் கோப்பை மூடிவிடுவீர்கள். கண்ணாடிக்குக் காசு கொடுத்தது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அதை இழந்தவரேதான்.

இந்தக் கடிதத்தைப் பெற்றோருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளை உடைத்த அன்று எந்தப் பெற்றோரும் நிதானமாக இருக்க மாட்டார்கள். விதியை முன்கூட்டியே, யாருக்கும் கோபம் இல்லாத ஒரு நாளில் எழுதி வைக்கக்கூடியவர்கள் நீங்கள்தான்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பிள்ளை பிறர் பொருளைச் சேதப்படுத்தினால், அதைச் சரிசெய்யும் செலவு அந்தப் பிள்ளையின் வீட்டுச் செலவு. பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு மாதிரி பிள்ளை வளர்ப்பில் வந்து போகும் செலவு. அந்தக் காசைக் கொடுப்பதால் பெற்றோர் மோசமானவர்கள் என்று ஆகிவிடாது. கொடுத்தால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம்தான் பாதிப் பேரைக் கதவைச் சாத்த வைக்கிறது. அந்தப் பயத்தை எடுத்துவிட்டால், பாதிச் சண்டை உங்கள் மேஜை வரைக்கும் வராது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நாட்டுக்கு நாடு வேறு வேறாகச் சொல்கிறது. அந்த வேறுபாடுதான் இதில் சுவாரசியமே.

இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில், பெற்றவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளை செய்ததற்குப் பெற்றோர் பொறுப்பாக மாட்டார்கள். அவர்கள் தரப்பில் கவனக்குறைவு இருந்தது என்று பாதிக்கப்பட்டவர் காட்ட வேண்டும். ஜெர்மனியில் 7 வயது முடியாத குழந்தை எந்தச் சேதத்துக்கும் பொறுப்பாகாது. வாகனப் போக்குவரத்து விபத்து என்றால் அந்த வரம்பு 10 வயது. பெற்றோர் பொறுப்பாவார்கள், ஆனால் சரியாகக் கவனித்துக்கொண்டுதான் இருந்தோம் என்று அவர்கள் நிரூபித்துவிட்டால் தப்பிக்கலாம். அந்த நாட்டில் கட்டுமானத் தளங்களின் வேலியில் ‘பிள்ளைகளுக்குப் பெற்றோரே பொறுப்பு’ என்ற பலகையை எங்கும் பார்க்கலாம். பலகை சொல்கிற அளவுக்கு அங்கே சட்டம் சொல்லவில்லை என்பது ஒரு வேடிக்கை. உங்கள் அறிவிப்புப் பலகைகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கனடாவின் கியூபெக் மாகாணம் இன்னும் ஒரு படி போகிறது. அங்கே பெற்றோர் தப்பிக்க வேண்டுமானால், பிள்ளையைப் பார்த்துக்கொண்டதிலும் மேற்பார்வையிலும் மட்டுமல்லாமல், வளர்ப்பிலும் தங்கள் மீது குறை இல்லை என்று காட்ட வேண்டும். வீட்டு வாசலில் நடக்கிற அதே சண்டை, நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நடக்கிறது.

ஜப்பானும் கவனிப்பைத்தான் பார்க்கிறது. அங்கே நடந்த இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுமே பொருள் சேதம் இல்லை, மனிதருக்கு ஏற்பட்ட பாதிப்பு; ஆனால் பெற்றோரை அளந்த அளவுகோல் ஒன்றுதான். சைக்கிளில் வந்த 11 வயதுச் சிறுவன், நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் மீது மோதிவிட்டான். 2013-ல் கோபே மாவட்ட நீதிமன்றம் அவன் தாய்க்குச் சுமார் 9.5 கோடி யென் இழப்பீடு விதித்தது. மகனை அவர் போதிய அளவு கண்டித்து வழிநடத்தவில்லை என்பது காரணம். இன்னொரு வழக்கில், பள்ளி மைதானத்தில் கோல் கம்பத்தை நோக்கிப் பந்தை உதைத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தவனும் 11 வயதுக்காரன்தான். பந்து சாலைக்குப் போய்விட்டது. மோட்டார் சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர் அதைத் தவிர்க்கப் போய் விழுந்தார், பிறகு இறந்தும் போனார். கீழ் நீதிமன்றங்கள் பெற்றோரைப் பொறுப்பாக்கின. 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மைதானத்தில் வழக்கமாக விளையாடுகிற விளையாட்டை விளையாடிய பையனின் பெற்றோர் கவனிப்பில் தவறினார்கள் என்று சொல்ல முடியாது என்றது.

இரண்டாவது தீர்ப்பு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அங்கே இழப்பு யார் தலையில் விழுந்தது என்பதையும் பாருங்கள். விழுந்தவர் வீட்டார் தலையில். பெற்றோர் நல்லவர்களா என்ற கேள்வியையும் இழப்பை யார் சுமப்பது என்ற கேள்வியையும் ஒரே முடிச்சில் போட்டால் இப்படித்தான் ஆகும். நல்ல பெற்றோராக இருந்துவிட்டால், எதிராளி தன் காசில் சரிசெய்துகொள்ள வேண்டியதுதான்.

பிரான்ஸ் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. 12 வயதுச் சிறுவன் ஒருவன் ஓட்டிய சைக்கிள் ஒரு மோட்டார் சைக்கிளோடு மோதிய வழக்கில், சிவில் வழக்குகளில் அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1997 பிப்ரவரி 19 அன்று ஒரு தீர்ப்பு சொன்னது. கூட வாழும் பிள்ளை செய்த சேதத்துக்குப் பெற்றோர் பொறுப்பு. ‘நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம்’ என்பது இனிமேல் பதிலாகாது. யாராலும் தடுக்க முடியாத நிகழ்வு, அல்லது பாதிக்கப்பட்டவரின் தவறு, இந்த இரண்டு வாசல்கள்தான் திறந்திருக்கின்றன. கேட்கும்போது கடுமையாகத் தெரியும். எனக்கு அது ஒரு வகையில் கருணையாகப் படுகிறது. யாருடைய வளர்ப்பையும் யாரும் கூண்டில் ஏற்றத் தேவையில்லாமல் போய்விடுகிறது. சீனாவின் 2021-ல் அமலுக்கு வந்த சிவில் சட்டத் தொகுப்பு நடுவில் நிற்கிறது. கடமையைச் சரியாகச் செய்த பெற்றோருக்கு அங்கே தொகை குறையும், பொறுப்பு முழுக்கப் போய்விடாது.

உங்கள் நாட்டுச் சட்டம் எதுவாகவும் இருக்கட்டும். ஒரு ஜன்னல் கண்ணாடிக்காக யாரும் நீதிமன்றப் படி ஏறப்போவதில்லை. அக்கம்பக்கத்துக்கான ஏற்பாட்டை நீங்களே எழுதிக்கொள்ளலாம், அதற்குப் பிரான்ஸின் வழியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கோரிக்கை.

இனி நடைமுறைக்கு வருவோம். அங்கேதான் சிக்கலே இருக்கிறது.

நிறுத்தி வைத்த காரின் கதவில் 5 வயதுக் குழந்தை ஒன்று கூழாங்கல்லால் படம் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வட்டம், அதைச் சுற்றிக் கதிர்கள், கீழே ஒரு வீடு. பெற்றோர் துணியை நனைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, “பாலிஷ் போட்டால் போயிடும்” என்பார்கள். கார்க்காரர், “முழுக் கதவும் பெயிண்ட் அடிக்கணும்” என்பார். இதற்குச் சங்கக் கூட்டமே வேண்டாம், நகமே போதும். கோட்டின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கீறல் மேல்பூச்சோடு நின்றிருக்கிறது, பாலிஷில் பெரும்பாலும் போய்விடும். நகம் மாட்டினால் கீறல் ஆழமானது, பாலிஷ் போட்டு மறைக்க முடியாது. கீறின இடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால் திட்டாகத் தெரியும் என்பதால் கதவு முழுக்க அடிப்பார்கள். பழைய கார் என்றால் வெயிலில் வெளுத்த நிறத்தோடு புது நிறம் ஒட்டாது. பக்கத்துக் கதவிலும் கொஞ்சம் இழுத்து அடிப்பார்கள். ‘ஒரு கோட்டுக்கு இவ்வளவா?’ என்று பெற்றோர் அதிர்ச்சி அடைவதற்கும் இதுதான் காரணம். கார்க்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைப்பதற்கு முன் இரண்டு பட்டறையில் விலை கேட்கட்டும். ஏற்கெனவே பம்பரில் இருந்த சிராய்ப்பையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடலாம் என்று கார்க்காரர் நினைத்தால், அதைத் தடுப்பது உங்கள் வேலை.

அடுத்தது பழைய பொருள். எட்டு வருடம் ஓடிய டிவியின் திரையைப் பந்து உடைத்துவிட்டது. சொந்தக்காரர் புது டிவி கேட்கிறார். இவர்கள், ‘பழைய டிவிக்கா?’ என்று சிரிக்கிறார்கள். இரண்டு பேருமே பாதி சரி. பல நாட்டுச் சட்டங்களிலும் பொதுவான வழக்கம், பழையதுக்குப் புதியதைத் தர வேண்டியதில்லை, உடைந்த அன்றைக்கு அந்தப் பொருளுக்கு என்ன மதிப்போ அது போதும் என்பது. சரிசெய்ய முடிந்தால் சரிசெய்யும் கூலி. முடியாவிட்டால் அதே வயசுப் பொருள் பழைய விலையில் என்னவோ, அது. ஆனால் சொந்தக்காரர் நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த டிவியை இழந்து, இன்றைக்குப் புதிதாக வாங்கியாக வேண்டிய நிலையில் நிற்கிறார். அதனால் பழைய விலைக்குக் கொஞ்சம் மேலே போட்டுக் கொடுப்பது அக்கம்பக்கத்துக்கு அழகு என்பேன். இதை விதியாக எழுத முடியாது. எழுதவும் வேண்டாம்.

பொருளை இழந்தவருக்கும் ஒரு பங்கு உண்டு. பொது வழியில், குழந்தை முட்டி உயரத்தில், ஆடும் முக்காலியின் மேல் கண்ணாடிச் சாடியை வைத்துவிட்டு அது உடைந்ததும் முழுத் தொகை கேட்பது நியாயமில்லை. இதை அழகாகக் கையாண்ட ஒரு அருங்காட்சியகம் உண்டு. 2024 ஆகஸ்டில் இஸ்ரேலின் ஹைஃபாவில் உள்ள ஹெக்ட் அருங்காட்சியகத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்ட 4 வயதுச் சிறுவன் ஒரு வெண்கலக் காலச் சாடியை இழுத்துத் தள்ளிவிட்டான். சுமார் 3,500 வருடப் பழைய சாடி. கண்ணாடித் தடுப்பு இல்லாமல் பொருள்களைக் காட்சிக்கு வைப்பது அந்த அருங்காட்சியகம் தெரிந்தே எடுத்த முடிவு. அதனால் அது குடும்பத்தைக் குற்றம் சொல்லவில்லை. அந்தச் சிறுவனை மறுபடி அழைத்துச் சுற்றிக் காட்டியது. நேர் எதிராக ஒன்றும் உண்டு. 2018-ல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு சமூகக் கூடத்தில் 5 வயதுச் சிறுவன் கட்டிப்பிடித்ததில் ஒரு சிற்பம் சாய்ந்து சேதமானது. நகராட்சியின் காப்பீட்டு நிறுவனம் பெற்றோருக்கு 1,32,000 டாலர் கேட்டுக் கடிதம் அனுப்பியது. பிள்ளையைக் கவனிக்கத் தவறினீர்கள் என்ற வாசகத்தோடு. பிள்ளைகள் ஓடியாடும் கூடத்தில் சிற்பத்தை அப்படி நிறுத்தி வைத்தவர்களின் கவனத்தைப் பற்றி அதே கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

காப்பீடு என்றதும் ஒன்று. சில நாடுகளில் குடும்பத்துக்கான பொறுப்புக் காப்பீடு சகஜம். பிள்ளை உடைத்ததற்கு நிறுவனம் கொடுத்துவிடும், அக்கம்பக்கத்தில் பேச்சே இராது. அந்த வசதி கிடைக்கிற இடத்தில் உங்கள் உறுப்பினர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பாலிசியில் சின்னக் குழந்தை செய்த சேதமும் அடங்குமா என்று படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் சிலவற்றில் அது தனியாகச் சேர்க்க வேண்டிய சங்கதி.

பத்துப் பிள்ளைகள் சேர்ந்து விளையாடுகிறார்கள், ஒருவன் உதைத்த பந்தில் கண்ணாடி உடைகிறது. யார் கொடுப்பது? உதைத்தவன் வீடு மட்டும் என்றால், அந்த நிமிடமே ஒன்பது பிள்ளைகள் சாட்சியாக மாறிவிடுவார்கள். அதில் வயதில் சின்னவன், அல்லது அந்தக் கூட்டத்தில் புதிதாகக் குடிவந்தவன் பெயர் முதலில் வரும். எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது. ஆட்டம் எல்லோருடையது, ஆகவே செலவும் எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரியட்டும். தொகை சின்னதாகிவிடும், பொய் சொல்லத் தேவையும் போய்விடும். வேண்டுமென்றே கல்லெறிந்து உடைத்தவன் கதை வேறு; அதை அவன் வீடுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பல அமெரிக்க மாநிலங்களின் சட்டங்களிலும் இந்த வித்தியாசம் உண்டு. உதாரணமாக, கலிஃபோர்னியாவில் பிள்ளை வேண்டுமென்றே செய்த சேதத்துக்குத்தான் பெற்றோர் பொறுப்பைச் சொல்லும் சட்டப்பிரிவு அவர்களைப் பிடிக்கிறது, அதற்கும் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது.

விருந்துக்கு வந்த குழந்தை வீட்டுக்காரர் பொருளை உடைத்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். அது உங்கள் எல்லைக்குள் வராது, அவர்களே பேசிக்கொள்ளட்டும்.

இப்போது பிள்ளையைப் பற்றி. இங்கே உங்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது.

சிசிடிவி பதிவை வெட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘இது யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்கும் பழக்கத்தை யார் தொடங்கி வைத்தார்களோ தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் இருநூறு பேர் பார்த்துவிடுவார்கள். கார்க் கதவு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். அந்தப் பிள்ளைக்கு அந்த வளாகத்தில் ‘கார் கீறினவன்’ என்ற பெயர் பள்ளி முடிகிற வரைக்கும் நிற்கும். அதேபோல ஒன்பது வயதுப் பையனை அலுவலக அறைக்கு வரவழைத்து, ஐந்தாறு பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து விசாரிப்பதும். குற்றவியல் சட்டமே 7 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் செயலைக் குற்றமாகப் பார்க்காத நாடுகள் உண்டு; இந்தியாவில் 7 முதல் 12 வரை, செய்வதன் விளைவு புரிகிற பக்குவம் இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். சட்டம் அவ்வளவு தயங்குகிற இடத்தில் சங்கச் செயலாளர் தயங்கக் கூடாதா?

பொதுக்குழுவில் யாராவது ஒருவர் மனுநீதிச் சோழனை இழுக்காமல் இருக்க மாட்டார். அந்தக் கதையில் தகப்பன் மகனைத் தேர்க்காலில் இடுகிறான், ஊரே மெய்சிலிர்க்கிறது. கன்றை இழந்த பசுவுக்கு அந்தத் தண்டனையால் என்ன கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். கடைசியில் இறைவன் வந்து கன்றை எழுப்ப வேண்டியிருந்தது. நம் கூட்டங்களுக்கு இறைவன் வருவதாகத் தெரியவில்லை.

பிள்ளையிடம் பேசுவது பெற்றோர் வேலை. அந்த வேலையை அவர்கள் செய்யாமல் தட்டிக்கழிக்கும் விதமும் எனக்குத் தெரியும். “எவ்வளவுன்னு சொல்லுங்க, போட்டு விடுறேன்” என்று கதவருகிலேயே நின்று, காசை அனுப்பிவிட்டு, பிள்ளைக்கு விஷயமே தெரியாமல் முடித்துக்கொள்வார்கள். கணக்கு தீர்ந்துவிடும். ஆனால் பிள்ளையைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை. 3 வயதுக் குழந்தையை மன்னிப்புக் கேட்க வைப்பதில் அர்த்தமில்லைதான். 8, 9 வயதில் பெற்றவர் கையைப் பிடித்துக்கொண்டு போய், உடைந்ததைப் பார்த்து, ‘நான்தான் உடைச்சேன்’ என்று தன் வாயால் சொல்லலாம். 14, 15 வயதில் சேர்த்து வைத்த காசிலிருந்து ஒரு பங்கு போடலாம். எவ்வளவு என்பதை அந்த வீடு முடிவு செய்யட்டும். உங்கள் விதிப்புத்தகத்தில் அதற்கு இடம் வேண்டாம்.

வண்டிச் சாவியை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். ஓட்டும் வயது வராத பிள்ளை வளாகத்துக்குள் வண்டியை எடுத்து நாலு வண்டியைச் சாய்த்தால், அது பிள்ளையின் தவறு என்பதைவிடச் சாவி கொடுத்தவரின் தவறு. இந்தியாவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் அதைப் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் மீதே வைக்கிறது, 3 வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். அங்கே நீங்கள் கறாராக இருங்கள், நான் குறுக்கே வர மாட்டேன்.

உங்களிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அபராதம் என்ற சொல்லை விதியிலிருந்து எடுத்துவிடுங்கள். சங்கத்துக்கு வரும் அபராதத்தால் கண்ணாடி இழந்தவருக்கு ஒரு பைசா பயன் இல்லை. ‘பிள்ளையின் வீடு சரிசெய்யும் செலவை ஏற்கும், இது யாருடைய குற்றத்தையும் ஒப்புக்கொள்வதாகாது’ என்று ஒரே வரி சேருங்கள். அந்தப் பின்பாதி ரொம்ப முக்கியம், இட நெருக்கடி என்று வெட்டிவிடாதீர்கள். விலை மதிப்பிட, இரண்டு தரப்புக்கும் சொந்தமோ சிநேகமோ இல்லாத ஒருவரை அனுப்புங்கள். ஒரே தவணையில் கொடுக்க முடியாத வீட்டுக்கு நாலு மாதம் பிரித்துக் கொடுங்கள். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி காசு புரள்வதில்லை.

பந்துத் தடை அறிவிப்பு இன்னும் சுவரில் இருந்தால் அதையும் பாருங்கள். விளையாட இடம் ஒதுக்கி, அந்தப் பக்கத்து ஜன்னல்களுக்கு வலை அடிக்க ஆகும் செலவு, இதற்காக நீங்கள் கூட்டும் இரண்டு அவசரக் கூட்டத்து டீச் செலவைவிடக் கொஞ்சம்தான் கூடும் என்று நினைக்கிறேன். அடுத்த பொதுக்குழுவுக்குள் வலைக்கு விலை கேட்டு வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அந்த சிசிடிவி துண்டை மட்டும் பொதுக்குழு வரைக்கும் வைத்திருக்காமல் இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போல ஒரு குடியிருப்பில் வசிப்பவர்